பேதி கண்டவருக்கு வீட்டில் நீர் ஊட்டுவது எப்படி

ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ மலம் தண்ணீராகப் போனால் அதை வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நல்ல உடல்நிலையிலேயே அது நாளுக்குப் பல தடவை இளகலாகப் போகும். வழக்கத்தைவிட அடிக்கடி போகிறதா, வழக்கத்தைவிடத் தண்ணீராக இருக்கிறதா என்பதை அதன் தாய்தான் சரியாகச் சொல்ல முடியும்.

பேதியில் உயிர் போவதற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். போனதைப் போகப் போகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலான பேதி சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். கொடுக்க வேண்டிய மருந்து ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி. அது மலிவானது, செய்முறையும் எளிது. அப்படியிருந்தும் தவறு நடக்கிறது என்றால், அது அநேகமாக அளவில் நடக்கிறது: தண்ணீரின் அளவு, உப்பின் அளவு, ஒரு தடவைக்கு ஊட்டும் அளவு. அதனால் இந்தக் குறிப்பில் எண்கள் நிறைய வரும்.

உப்பும் இனிப்பும் ஏன் சேர்ந்தே வேண்டும்

சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது வேலை செய்யும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் குடல் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் இந்த வழி மட்டும் கெடுவதில்லை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் இதை விளக்கினார். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, டிரிப்ஸ் ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதற்கு முன் நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த இறப்பு 3.6ஆகக் குறைந்தது. கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அல்லர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டில் உள்ள எவராலும் முடிகிற வேலை இது.

இன்றைய ஓஆர்எஸ் பொடியில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்கும். 2002இல் உலக சுகாதார நிறுவனம் இந்த அளவைப் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய கலவை இதைவிட அடர்த்தியானது. நீர்த்த கலவையில் வாந்தியும் மலத்தின் அளவும் குறைகின்றன. பாக்கெட்டின் பின்புறம் இந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கப்படும் சில பானங்களில் சர்க்கரை இதைப் போலப் பல மடங்கு இருக்கும். இனிப்பு கூடினால் குடல் உடம்பிலிருந்து நீரை உள்ளே இழுக்கும், பேதி இன்னும் கூடும். வாயு நிரம்பிய குளிர்பானம், டப்பாவில் வரும் பழச்சாறு, விளையாட்டு வீரர்களுக்கான பானம், வெறும் குளுக்கோஸ் பொடி எதுவுமே ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது.

பாக்கெட்டைக் கரைக்கும்போது

முதலில் பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு என்று இருவகை புழக்கத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் மிக ஆபத்தான தவறு. உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். சிறிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் உடனடி ஆபத்து இல்லை, ஆனால் உப்பு போதாமல் பயன் போய்விடும்.

ஒரு லிட்டரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் ஒரு லிட்டர் அல்ல. 750 மில்லி பாட்டில் பார்வைக்கு லிட்டர் பாட்டில் மாதிரியே இருக்கும். லேபிளைப் படியுங்கள். குழந்தையின் பால் புட்டியில் மில்லிக் கோடுகள் இருக்கும், அது நல்ல அளவுக் கருவி. 200 மில்லி கோடு வரை ஐந்து தடவை நிரப்பி ஊற்றினால் லிட்டர்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றி, பொடியை முழுவதும் கொட்டி, அடியில் தங்காமல் கலக்குங்கள். பாதிப் பொடியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் என்று பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நான்கு பொருளும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, திறந்த பொடி ஈரமும் இழுக்கும். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, நீர் ஆவியாகிப் போனால் உப்பின் அடர்த்தி கூடிவிடும். ருசிக்காகச் சர்க்கரை, தேன், பால், பழச்சாறு எதுவும் சேர்க்க வேண்டாம். கரைத்த நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

பாக்கெட் கைக்கு வரும்வரை

1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. இவ்வளவுதான். ஆனால் தேக்கரண்டி என்பது இங்கே 5 மில்லி. சமையலறைக் கரண்டிகள் ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 8 பிடிக்கும். சிரப் மருந்தோடு கிடைக்கும் 5 மில்லி கரண்டியோ மூடியோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். குவியலாக எடுக்கக் கூடாது; கத்தியின் முதுகால் மேலே வழித்துத் தலைதட்டி எடுக்க வேண்டும். கல் உப்பு வேண்டாம், கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் எவ்வளவு உப்பு வந்தது என்று தெரியாது.

கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரின் கரிப்பைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், எந்த விகிதத்தில் இருக்கிறோம் என்பது அதற்குள் தெரியாமல் போயிருக்கும். இந்தக் கரைசலில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. அதனால் இது இடைக்கால ஏற்பாடுதான், ஒருவரைப் பாக்கெட் வாங்க அனுப்பிவிட்டு மற்றவர் இதைக் கலக்கலாம்.

ஊட்டும் முறை

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேற்பட்டவர்கள் தாகம் தீரும்வரை குடிக்கலாம். இது நீர் இன்னும் வற்றாதவருக்கு, போவதை ஈடுகட்டும் அளவு.

நீர் வற்றத் தொடங்கிவிட்டால் (எப்படித் தெரிந்துகொள்வது என்பது கீழே வருகிறது) ஈடுகட்டுவது மட்டும் போதாது, ஏற்கெனவே போனதையும் நிரப்ப வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. இதை மருத்துவர் அல்லது சுகாதாரப் பணியாளர் மேற்பார்வையில் செய்வது நல்லது. அங்கே போகும் வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே போக வேண்டும்.

எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும், வாந்தி எடுக்கிற குழந்தை முக்கால் லிட்டர் எப்படிக் குடிக்கும் என்று. கரண்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்றால் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி. ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 200. நான்கு மணி நேரத்தில் 800 மில்லி உள்ளே போய்விடும், ஒரு தடவைகூட வயிறு முட்டாமல். கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். கை மாற ஆள் இருந்தால் அரை மணிக்கு ஒருவர் என்று மாறிக்கொள்ளுங்கள். களைப்பில் ஊட்டுவதை நிறுத்திவிடுவதால் கெடும் குழந்தைகள் உண்டு.

டம்ளரோடு கொடுத்தால் தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கும், விரிந்த வயிறு அப்படியே வெளியே தள்ளும். அதைப் பார்த்து "ஓஆர்எஸ் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது வேகம்தான். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி தொடங்குங்கள்; இந்தத் தடவை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தியாக வெளியே வந்ததாகத் தோன்றினாலும் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடுகிறது.

தலையைச் சற்று உயர்த்திய நிலையில் ஊட்டுங்கள். படுக்கையில் மல்லாந்து கிடக்கும் குழந்தையின் வாயில் ஊற்றக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது. இது முன்கூட்டியே தெரியாவிட்டால், ஆறு மணி நேரம் ஊட்டியும் நிற்கவில்லையே என்று நம்பிக்கை போய்விடும். அது நீரையும் உப்பையும் மட்டும் நிரப்புகிறது. குடல் தன் போக்கில் சரியாகும். ஊட்டுவது பலன் தருகிறதா என்பதைச் சிறுநீரிலும் சுறுசுறுப்பிலும் பாருங்கள்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பது

குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில், தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து விடுங்கள். உடனே படிந்துவிட்டால் நல்லது. மெதுவாகப் படிந்தால் நீர் வற்றத் தொடங்கியிருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பு நிற்கிறது என்றால் நிலைமை கடுமை. மிக மெலிந்த குழந்தையிடமும் வயதானவரிடமும் தோல் எப்போதுமே மெதுவாகப் படியும், கொழுத்த குழந்தையிடம் நீர் வற்றினாலும் உடனே படியும். ஆகவே இதை மட்டும் நம்பாமல் கண், வாய், சிறுநீர், நடத்தை நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

கண் குழிந்திருக்கிறதா? நாக்கு வறண்டிருக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன நிறம்? எரிச்சலோடு அழுதுகொண்டு, தண்ணீரைக் கண்டால் தாவிப் பிடித்துக் குடிக்கிறதா? இந்தத் தாகம் நீர் வற்றுவதன் அடையாளம். இதற்கு அடுத்த கட்டத்தில் குழந்தை அமைதியாகிவிடும், குடிக்க மறுக்கும், எழுப்பினாலும் கண் சொருகும். பல வீடுகளில் இந்த அமைதியைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தை ஓய்ந்து துவண்டு கிடந்தால் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம். அங்கே நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

இவையும் காத்திருக்கக் கூடாதவை: மலத்தில் ரத்தம், அரிசி களைந்த தண்ணீர் போல நிற்காமல் கொட்டும் பேதி, எதைக் கொடுத்தாலும் உடனே வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, கடும் காய்ச்சல், பித்தப் பச்சையான வாந்தி, வீங்கிக் கல்லாக இருக்கும் வயிறு. இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குப் பேதி என்றாலே மருத்துவர் பார்க்க வேண்டும். மிகவும் மெலிந்து போன, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கும் அப்படித்தான். அவர்களுக்குக் கொடுக்கும் நீரின் கலவையும் வேகமும் வேறு. 14 நாளைத் தாண்டியும் தொடரும் பேதிக்குக் காரணம் தேட வேண்டும்.

ஜிங்க், உணவு, கொடுக்கக் கூடாத மருந்துகள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓஆர்எஸ்ஸோடு ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும் வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ ஒரு கரண்டியில் கரைத்துக் கொடுக்கலாம். பேதி மூன்றாம் நாள் நின்றுவிடும், மாத்திரையும் அன்றே நின்றுவிடும் – இதுதான் வழக்கமாக நடப்பது. சொன்ன 10 முதல் 14 நாளும் விடாமல் கொடுத்தால்தான் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பேதி வருவது குறையும்.

குடலுக்கு ஓய்வு என்று பட்டினி போடுவது தவறு. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாமல், வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு வழக்கமான உணவையே சிறிது சிறிதாக, அதிகத் தடவைகளாகக் கொடுக்கலாம். பேதி நின்ற பிறகு இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

பேதியை நிறுத்தும் லோபரமைடு போன்ற மாத்திரைகளைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவை அது கட்டிப்போடும். வயிறு உப்பி, மயக்கம் வரை போகலாம். பெரியவர்களும் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ் காரணம், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. முன்பு எழுதிக்கொடுத்த மருந்தில் மீதமிருப்பதை எடுத்துக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சி மங்கியிருக்கும். "வேண்டும்போது குடியுங்கள்" என்றால் குடிக்க மாட்டார்கள். மணிக்கு ஒரு டம்ளர் என்று நேரம் வைத்து நீங்களே கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் பிரியவும் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், இதய அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதல் நாளிலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டும். பேதியின்போது சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். சர்க்கரை நோயாளி ஓஆர்எஸ்ஸைக் கண்டு பயப்பட வேண்டாம், லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ். ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம்.

வீட்டில் அடுத்தவருக்கு வராமல்

மலம் கழித்த பிறகு, குழந்தைக்குக் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், உண்ணும் முன், ஊட்டும் முன் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். 20 விநாடிக்குக் குறையாமல். உள்ளங்கையைத் தேய்ப்பதோடு நின்றுவிடுகிறோம். விடுபடுவது கட்டைவிரலும் நகநுனியும். ஊட்டும்போது உணவில் படுவதும் அவைதான். கிருமிநாசினி சோப்பு தேவையில்லை, எந்தச் சோப்பும் போதும். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸை ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக அசைக்காது, அதனால் பேதி உள்ள வீட்டில் சானிடைசரை நம்பாதீர்கள். கைக்குழந்தையின் மலத்திலும் பெரியவர்களுடையதைப் போலவே கிருமி இருக்கும், கழிப்பறையில் கொட்டுங்கள்.

வாந்தியோ மலமோ பட்ட இடத்தை முதலில் பழைய துணியால் துடைத்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டுப் பிறகு பிளீச் போடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். 5 விழுக்காடு பிளீச் என்றால் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைக்கலாம். அன்றாடம் புதிதாகக் கலக்குங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

குடிநீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள்; கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் உதவும். 5 முதல் 9 விழுக்காடு என்று லேபிளில் இருந்தால் லிட்டருக்கு 2 சொட்டு, 1 விழுக்காடு என்றால் 10 சொட்டு. கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டி இருமடங்கு சேர்க்க வேண்டும். கலக்கி 30 நிமிடம் விட்ட பிறகு இலேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு மறுபடி சேர்த்து இன்னும் 15 நிமிடம் பொறுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது, கொதிநீரில் சாகும். முடிந்தவரை கொதிக்க வைப்பதையே தேர்ந்தெடுங்கள். சுத்தமாக்கிய நீரை வாய் குறுகிய, குழாய் உள்ள பாத்திரத்தில் மூடி வையுங்கள். அகன்ற வாயில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால், கொதிக்க வைத்த உழைப்பு அந்த ஒரு மொள்ளலில் வீணாகும்.

பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை, பேதி கண்டவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். குழந்தை பள்ளிக்குப் போக வேண்டாம். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் மட்டும் எவ்வளவு சுத்தமான வீட்டிலும் நுழையும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு, வாயில் விடும் சொட்டு மருந்து. பிறந்த ஆறாவது வாரத்திலிருந்து தொடங்கலாம். அந்த வயது கடந்துபோகும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்து, ரோட்டாவுக்கான கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.